முதுகெலும்பு – உடலும் உருவகமும்: ஜவ்வாது மலையை முன்வைத்து

1. கேள்வி

தற்காலத் தமிழில் 'முதுகெலும்பு' என்னும் சொல் மூன்று பொருள்களில் வழங்குகிறது. மண்டையோட்டின் அடியில் தொடங்கி வாலெலும்பு வரை இறங்கும் எலும்புத் தொடர் என்பது அதன் நேர்ப்பொருள். ஒன்றைத் தாங்கி நிற்கும் அடிப்படை என்பது இரண்டாம் பொருள். வேளாண்மை நாட்டின் முதுகெலும்பு என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதப்படுவதும், சிறுதொழில் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்று மேடைகளில் முழங்கப்படுவதும் இப்பொருளில்தான். அதிகாரத்தின்முன் வளைந்துகொடுப்பவரை முதுகெலும்பில்லாதவர் என்று இகழும்போது அச்சொல் அஞ்சாமையைக் குறிக்கிறது. இது மூன்றாம் பொருள். இம்மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று இயல்பாகக் கிளைத்தவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அக்கருத்து எவ்வளவு சரியானது, உடலிலிருந்து உருவகம் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது, விட்டுவிட்டதனால் யாருக்கு இழப்பு என்னும் கேள்விகளை இக்கட்டுரை ஜவ்வாது மலையை முன்வைத்து ஆராய்கிறது.

ஜவ்வாது மலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையில் அச்சொல்லின் மூன்று பொருள்களும் ஒரே மக்களின்மேல் வந்து விழுகின்றன. இங்கு வாழ்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். இப்பெயர் கேரளத்தவரைக் குறிப்பதன்று, மலையில் வாழ்பவர் என்ற பொருளில் சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை மக்களுக்கும் வழங்குவது. இவர்கள் விளைவிக்கும் சாமை மலைப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்றும், இவர்களின் பெண்கள் குடும்பத்தின் முதுகெலும்பு என்றும் போற்றப்படுகின்றனர். இதே மக்கள்தாம் தண்ணீரையும் விறகையும் தானியத்தையும், சில வேளைகளில் நோயாளிகளையும், சொந்த முதுகெலும்பின்மேல் சுமந்து நடக்கின்றனர்.

2. எலும்பின் அமைப்பு

உருவகத்தை எடைபோடுவதற்கு முன் உறுப்பைப் பார்க்க வேண்டும். பிறக்கும் குழந்தைக்கு 33 முள்ளெலும்புகள் உள்ளன. வளர்ச்சியின்போது இடுப்புக்குக் கீழுள்ள ஐந்து ஒன்றாகவும் வாலெலும்பின் நான்கு ஒன்றாகவும் இணைந்துவிடுவதால் வளர்ந்தவரிடம் 26 எலும்புகளே எண்ணப்படுகின்றன. கழுத்தில் 7, மார்புப் பின்புறத்தில் 12, இடுப்பில் 5 என்பது எஞ்சியவற்றின் கணக்கு. இவற்றின் நடுவே ஓடும் குழலில் தண்டுவடம், அதாவது மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை, பாதுகாக்கப்படுகிறது; அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன.

பேச்சு வழக்கு முதுகெலும்பை நேரான, வளையாத ஒரு கோலாகக் காண்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. பக்கவாட்டில் பார்த்தால் அதில் நான்கு வளைவுகள் உள்ளன. கழுத்து வளைவு குழந்தை தலைதூக்கும் காலத்திலும், இடுப்பு வளைவு அது எழுந்து நடக்கும் காலத்திலும் உருவாகின்றன. வளைவுகள் இருப்பதனால்தான் நடக்கும்போது உண்டாகும் அதிர்வை அது தாங்குகிறது. தசைகளும் தசைநாண்களும் இல்லையென்றால் அத்தொடர் ஒரு கணமும் நிமிர்ந்து நில்லாது. இவற்றினும் முக்கியமானது எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் இயல்பு. வளர்ந்தவரின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் கிடையா. அழுத்தம் ஏறும்போது நீரை இழந்தும், படுத்து ஓய்வெடுக்கும்போது நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சியும் அது உயிர் வாழ்கிறது. மாலையில் இருப்பதைவிடக் காலையில் மனிதர் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதற்கு இதுவே காரணம். முதுகெலும்பு சுமப்பதற்கு உரிய உறுப்புத்தான். ஆனால் சுமை இறக்கப்படும் நேரத்தில்தான் அதற்குச் சோறு கிடைக்கிறது. இவ்வுண்மையை உருவகம் எங்கும் எடுத்துக்கொள்ளவில்லை.

3. மார்பும் முதுகும்: நடுகல் சொல்வது

அஞ்சாமையை முதுகெலும்போடு இணைக்கும் வழக்கு தமிழில் பழையதா என்று தேடினால், பழைய இலக்கியம் வேறொரு உறுப்பைக் காட்டுகிறது. சங்கப் பாடல்களில் வீரத்தின் இடம் மார்பு. முகத்திலும் மார்பிலும் படும் புண் விழுப்புண் எனப் போற்றப்பட்டது. முதுகில் படுவது புறப்புண் என நாணத்துக்குரியதாயிற்று. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பாய்ந்த படை முதுகிலும் புண்ணாக்கியதற்கு நாணி வடக்கிருந்தான் என்பதைப் புறநானூற்றின் 65, 66ஆம் பாடல்கள் பேசுகின்றன. மகன் புறங்காட்டினான் எனப் பிறர் சொல்லக் கேட்டுக் கொதித்த முதிய தாய், களத்தில் பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு ஈன்றபோதினும் பெரிதாக மகிழ்ந்ததைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியுள்ளார். இவ்வுலகில் முதுகு என்பது பகைவர் காணக்கூடாத இடம். அது ஆண்மையின் இருப்பிடம் ஆகவில்லை. 'புறமுதுகிடுதல்', 'முதுகு காட்டுதல்' ஆகிய வழக்குகள் இன்றும் அக்கருத்தைத் தாங்கி நிற்கின்றன.

இக்கருத்துக்குக் கல்லிலே சான்று கிடைப்பது ஜவ்வாது மலையின் அடிவாரத்தில்தான். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என நூலாக்கியது. பல்லவர் காலத்து வட்டெழுத்தில் அமைந்த இவற்றில் பல, தொறு எனப்பட்ட மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடும் மீட்கச் சென்றவர்களோடும் தொடர்புடையவை. போரிட்டுப் பட்ட, அதாவது இறந்த, வீரனின் பெயரும் ஆண்ட அரசனின் ஆட்சியாண்டும் அவற்றில் பொறிக்கப்பட்டன. எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் பட்ட வீரனோடு, அவனோடு நின்ற கோவிவன் என்னும் நாயும் பெயர் சொல்லி நினைக்கப்படுகிறது. வில்லும் வாளும் ஏந்திப் பகையை எதிர்கொள்ளும் கோலத்திலேயே இவ்வீரர்கள் பொதுவாகச் செதுக்கப்பட்டுள்ளனர். இதே வட்டாரத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், கூத்தர்கள் செல்லும் வழியில் நாணுடைய மறவரின் பெயரோடு நடப்பட்ட கற்களைக் கண்டு வழிபடுமாறு கூறுகிறது. அந்த நாணம், முதுகு காட்டுவதற்கு நாணுதலே.

எலும்பின்மை பற்றியும் பழந்தமிழ் வேறு விதமாகச் சிந்தித்துள்ளது. எலும்பில்லாத புழுவை வெயில் காய்வதுபோல அன்பில்லாதவரை அறம் காயும் என்பது திருக்குறளின் 77ஆம் பாவின் கருத்து. இங்கே எலும்பின்மைக்கு ஒப்பாகச் சொல்லப்படுவது கோழைத்தனம் அன்று, அன்பின்மை. எனவே 'முதுகெலும்பில்லாதவன்' என்னும் இன்றைய வசை சங்க மரபின் தொடர்ச்சி என்று கொள்வதற்கு இடமில்லை. ஆங்கிலக் கல்வியும் இதழ்களும் அரசியல் மேடையும் வளர்த்த உரைநடையில் அது வேரூன்றியது என்று கொள்வதே சான்றுகளோடு பொருந்துகிறது. வந்த சொல் என்பதால் அது குறைவுடையது ஆகாது. ஆனால் வந்தபோது எதை இடம்பெயர்த்தது என்பது கவனிக்கத்தக்கது.

4. ஆணியும் முதுகெலும்பும்

தாங்கும் அடிப்படையைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. தூண், கொழுகொம்பு, ஊன்றுகோல், வேர், அச்சாணி எனப் பல உருவகங்கள் வழங்கின. உழவரைப் பற்றி வள்ளுவர் தேர்ந்தது ஆணி: பிற தொழில்களுக்குச் செல்பவர் அனைவரையும் தாங்குவதால் உழவரே உலகத்தாராகிய தேருக்கு ஆணி என்பது 1032ஆம் குறளின் பொருளாக உரையாசிரியர்கள் கொண்டது. ஆணி சிறியது, அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, ஆனால் அது கழன்றால் சக்கரம் கழன்று தேரில் இருப்பவர் விழுவர். உருவகத்தின் அழுத்தம் தேரில் ஏறியிருப்பவரின் நிலையில்லாமையின்மேல் விழுகிறது. 'முதுகெலும்பு' என்னும்போது அவ்வழுத்தம் மாறிவிடுகிறது. முதுகெலும்பு உடலுக்கு உள்ளே மறைந்திருப்பது, சுமப்பதற்கென்றே படைக்கப்பட்டதாக எண்ணப்படுவது, கூலி கேளாதது. ஒரு மக்கள் கூட்டத்தை இச்சொல்லால் அழைத்தபின், அவர்கள் சுமப்பது இயற்கை என்னும் எண்ணம் கேள்வியின்றி நிலைபெறுகிறது. ஆணி கழலும் என்ற அச்சம் ஆள்வோருக்கு இருக்க வேண்டும் என்பதை வள்ளுவரின் உருவகம் உணர்த்தியது. முதுகெலும்பு அவ்வச்சத்தைப் புகழ்ச்சியாக மாற்றிவிட்டது.

5. மலையின்மேல் உள்ள எடை

இவ்வேறுபாடு வெறும் அணியிலக்கண வேறுபாடு அன்று என்பதைச் சாமையின் நிலை காட்டும். தமிழகத்தில் சாமை பெருமளவில் பயிராகும் இடங்களுள் ஜவ்வாது மலை முதன்மையானது. மழையை மட்டும் நம்பி, சரிவான கொல்லைகளில், மெலிந்த மண்ணில், மூன்று மூன்றரை மாதத்தில் விளைந்துவிடும் இத்தானியம் மலைமக்களின் உணவாகவும் கையிருப்பாகவும் நெடுங்காலம் இருந்தது. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குகிறது. 2023ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையால் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடப்பட்டது. ஆயினும் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை இருக்க, சாமை தனிப்பயிராக இடம்பெறவில்லை. 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் விலையில்லா அரிசி கிடைப்பது பசியைப் போக்கிய பெருநன்மை. அதே வேளையில் வீட்டு உலையிலிருந்து சாமை விலகி விற்பனைப் பொருளாக மாறியதில் அதற்கும் பங்குண்டு. விற்பனைக்கு வந்த பொருளுக்கு உறுதியான விலை வரவில்லை என்பதே குறை.

சாமையைச் சோறாக்கும் வேலையை அருகில் நின்று கவனித்தால் உருவகத்தின் உடல் தெரியும். களையெடுப்பும் அறுப்பும் இடுப்பை மடித்துக் குனிந்தே செய்யப்படுபவை. அறுத்த தாள்கள் கட்டாகக் கட்டப்பட்டு, சேலைத் தலைப்பையோ பழந்துணியையோ சுருட்டி வைத்த சும்மாட்டின்மேல் ஏறிக் களத்துக்குப் போகின்றன. சாமையின் உமி மணியோடு இறுகப் பற்றியிருப்பதால் ஒரு குத்தில் அது போவதில்லை. உரலிலிட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி நீங்காத மணியை மறுபடி உரலிலிட்டுக் குத்த வேண்டும். உலக்கை எழும்போது முதுகு நிமிர்கிறது, விழும்போது மடிகிறது. ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வசைவு நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது. உமி நீக்கும் இயந்திரம் வந்த ஊர்களில் இவ்வேலை குறைந்துள்ளது. எட்டாத ஊர்களில் அது இன்றும் பெண்ணின் இடுப்பில்தான் இருக்கிறது.

குனிந்த நிலையில் சுமை தூக்கும்போது இடுப்பு வட்டுகளின்மேல் ஏறும் அழுத்தம், நிமிர்ந்து நிற்கும்போது உள்ளதைவிடப் பன்மடங்கு கூடும் என்பதைச் சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் நாகெம்சன் 1960களிலிருந்து வட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்து காட்டினார். இதற்கு மாறான சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1986இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு. கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் ஆற்றல் செலவின்றிச் சுமந்து நடப்பதை அது கண்டறிந்தது. பழகிய உடலுக்குச் சுமை ஒரு பொருட்டன்று என்னும் முடிவுக்குச் சிலர் இதிலிருந்து தாவுகின்றனர். அவ்வாய்வு அளந்தது மூச்சில் செலவாகும் உயிர்வளியை. கழுத்தெலும்பும் வட்டும் இருபது ஆண்டுகளில் என்ன ஆகின்றன என்பதை அன்று. பழக்கம் சுமப்பவரின் திறமைக்குச் சான்றாகலாம். சுமத்துவோரின் உரிமைக்குச் சான்று ஆகாது. ஒரு மனிதர் சுமக்கத்தக்க எடைக்கு வரம்பு வேண்டும் என்னும் கொள்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே உடன்படிக்கையாக்கி, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோகிராம் என்னும் அளவைப் பரிந்துரைத்தது. அவ்வரம்பு கூலித் தொழிலை மனத்தில் கொண்டது. தன் வீட்டு விறகைச் சுமப்பவளை எந்த வரம்பும் எட்டிப் பார்ப்பதில்லை.

சாலையில்லாத சிற்றூர்களில் சுமையே மனிதராகிவிடுகிறது. நோயாளியையும் மகப்பேற்று வலி கண்ட பெண்ணையும் கம்பில் கட்டிய டோலியில் ஏற்றி, தோள்மாற்றித் தோள்மாற்றிச் சாலை வரை கொண்டுசேர்ப்பது இம்மலையில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலைச் சிற்றூரில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் இறந்தது; உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஊர்தி சாலை முடிந்த இடத்தோடு நின்றுவிட, பெற்றவள் அதைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தாள். நாளிதழ்கள் அதை எழுதின, நாடு பதைத்தது. அந்தப் பாதையில் அதற்கு முன்னும் எத்தனையோ பேர் எத்தனையோ சுமைகளோடு நடந்திருந்தனர் என்பதை அச்செய்தியின் அதிர்ச்சி மறைத்துவிடக் கூடாது.

ஆண்களின் முதுகும் விலைபோனது. சந்தன மரத்துக்குப் பெயர்பெற்ற இம்மலையின் காடுகள் பிரித்தானியர் காலத்திலேயே காப்புக்காடுகளாக்கப்பட்டன; 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டை அரசின் சொத்தாக்கியபின், சந்தனம் திருப்பத்தூரிலிருந்த அரசுக் கிடங்கில் ஏலம் போயிற்று, மலையில் அதோடு வாழ்ந்தவருக்கு அது தொடக்கூடாத மரமாயிற்று. பின்னாளில் மலையடிவாரத்திலிருந்தும் மலைமேலிருந்தும் ஆண்கள் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் கூலிக்குச் செல்லலாயினர். சிலர் இடைத்தரகர் சொல் கேட்டு ஆந்திரத்தின் செம்மரக் காடுகளுக்கு மரம் வெட்டவும் சுமக்கவும் போயினர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தனர். இறந்தவர்களுள் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைக் கூலிகளும் பழங்குடியினரும் இருந்தனர். தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனத்த அம்மரத்தைத் தோளில் சுமந்தவருக்குக் கிடைத்தது கூலி. விற்றவருக்குக் கிடைத்ததோடு அதை ஒப்பிடவே முடியாது. முதுகெலும்பு என்னும் சொல்லின் மூன்றாம் பொருளை, அதாவது துணிவை, இவர்களிடம் தேடி இல்லையென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தேர்ந்துகொள்ள வழியுள்ளவனிடம்தான் வளைந்தான் என்று குற்றம் காண முடியும்.

மலையே சமவெளிக்கு முதுகெலும்பு என்னும் வழக்கையும் இங்கே ஒருமுறை கருதலாம். செய்யாறும் கமண்டல நாகநதியும் இம்மலையில் பிறந்து கீழே வயல்களுக்குப் பாய்கின்றன; செண்பகத்தோப்பு அணை கமண்டல நாகநதியின் குறுக்கே கட்டப்பட்டது. ஆறு பிறக்கும் இடத்தில் கோடையில் பெண்கள் ஊற்றுக்குழியைத் தோண்டிக் குடம் நிரப்புவதும், ஆறு பாயும் இடத்தில் இருபோகம் விளைவதும் ஒரே நீரின் இரு நிலைகள்.

6. சுமைதாங்கி

சுமப்பவரைப் புகழ்வதற்கு மாறான ஒரு மரபும் தமிழ்நாட்டில் இருந்தது. பழைய நடைவழிகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைத்த சுமைதாங்கிகள் இன்றும் பல ஊர்களில் நிற்கின்றன. தலைச்சுமையோடு தனியே வருபவர் குனியாமலும் இன்னொருவர் கைகொடுக்காமலும் சுமையை இறக்கிவைத்து, ஓய்ந்தபின் மீண்டும் ஏற்றிக்கொள்ள ஏதுவாக, ஏறக்குறைய தோள் உயரத்தில் அக்கிடைக்கல் இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்காமற்போன சுமையை எண்ணி, குடும்பத்தார் இவற்றை நிறுவினர். வட்டுக்கு ஓய்வே உணவு என்பதை உடற்கூற்றியல் அளந்து சொல்வதற்கு முன்பே, குனியாமல் சுமையை இறக்க வேண்டும் என்பதை இக்கல்லை நட்டவர்கள் அறிந்திருந்தனர். நடுகல் மார்பைப் போற்றியது. சுமைதாங்கி முதுகைக் காத்தது. தமிழ் ஆய்வுலகம் முன்னதற்குத் தந்த கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் பின்னதற்குத் தந்திருக்க வேண்டும்.

ஜவ்வாது மலைக்கு இன்று வேண்டுவன இவ்வகைத் தாங்கிகள். சாமைக்குத் தனி ஆதரவு விலையும், நடந்து எட்டும் தொலைவில் உமி நீக்கும் இயந்திரமும், வீட்டருகே குடிநீரும் அவற்றுள் அடங்கும். சாலையைப் பொறுத்தவரை, வனச்சட்டம் தடுக்கிறது என்னும் விடை முழுமையானது அன்று: 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, சாலை, பள்ளி, மருத்துவ நிலையம், குடிநீர் உள்ளிட்ட தேவைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்குவதற்கு வழிசெய்துள்ளது. வழி சட்டத்தில் இருக்கும்போது டோலி தோளில் இருப்பதற்கு நியாயம் கிடையாது. மலைமக்களை முதுகெலும்பு என்று எழுதும் ஆய்வாளரும் அதிகாரியும் இதழாளரும், அம்முதுகின்மேல் எவ்வளவு எடை உள்ளது, அதை ஏற்றியவர் யார், இறக்கிவைக்க எங்கே இடம் உள்ளது என்பவற்றையும் அதே பத்தியில் எழுத வேண்டும். எழுத இயலாதவர் அச்சொல்லைப் பயன்படுத்தாதிருப்பதே நேர்மை.